மங்குக்கு எது, பருவுக்கு எது, குழிக்கு எது: கெமிக்கல் பீல் எடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

"கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கு அக்கா, பீல் பண்ணிக்கலாமா?" இது ஒருத்தி. "பையனுக்குப் பதினேழு வயசு, முகமெல்லாம் பரு, கிளினிக்ல ஆறு சிட்டிங் சொல்றாங்க" என்று ஒரு அம்மா. மூன்றாவது ஒரு பள்ளி ஆசிரியை: இரண்டு கன்னத்திலும் மங்கு, பத்து வருஷமாக எல்லா க்ரீமும் பார்த்தாயிற்று. மூவரும் கேட்டது "எந்த பீல் நல்லது?" என்ற ஒரே கேள்விதான். ஆனால் மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால், அதில் இரண்டு பேர் முகமாவது வீணாகும்.

கெமிக்கல் பீல் என்பது தெரிந்தே செய்கிற ஒரு சின்னக் காயம். அளந்த அமிலத்தை அளந்த நேரம் தோலில் வைத்து, மேலடுக்கை உதிர வைத்து, கீழிருந்து புதுத் தோல் வரக் காத்திருப்பது. புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஜெர்மன் தோல் மருத்துவர் உன்னா, சாலிசிலிக், டிசிஏ (ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம்), ஃபீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்பதை 1882-லேயே எழுதிவிட்டார். காயம் எவ்வளவு ஆழம் போகிறது, அந்தக் காயத்துக்கு உங்கள் தோல் என்ன பதில் சொல்கிறது, இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

கறையா, குழியா? கண்ணாடி முன் நின்று, கைபேசி டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் அது குழி. நிழல் இல்லாமல் நிறம் மட்டும் தெரிந்தால் கறை. மேலோட்டமான பீல்கள் கறைக்கு உதவும், குழியை நிரப்பாது. அதிகம் பேர் பணம் இழக்கும் இடம் இதுதான்.

உங்கள் தோல் காயத்தை எவ்வளவு நாள் மறக்காமல் இருக்கிறது? கொசுக்கடி, சமையலறைச் சூடு, பழைய பரு இவற்றின் தடம் மாதக்கணக்கில் கறுத்தே இருந்தால், அமிலக் காயமும் அப்படித்தான் கறுக்க வாய்ப்பு. அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் தொடங்கிவைத்த தோல் வகைப் பட்டியலில் நம்மில் பெரும்பாலோர் இன்று நான்கு, ஐந்து, ஆறாம் வகையில் வருவோம். வெள்ளைத் தோலில் சிவந்து ஆறிவிடும் ஒரு பீல், நம் தோலில் கறுப்புத் திட்டாக நின்றுவிடலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து முடிவெடுப்பதில் உள்ள சிக்கல் இது.

கையில் எத்தனை நாள்? மேலோட்டமான பீல் ஒருமுறையில் முடிவதில்லை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு சிட்டிங் என்பதுதான் வழக்கம்.

வெயில். பைக்கில் போகிற விற்பனைப் பிரதிநிதிக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும் ஒரே பீல் ஒரே பலன் தராது.

மொத்தச் செலவு. சிட்டிங் விலை அதில் ஒரு பங்குதான்.

தப்பிப் போனால் மறுநாள் காலையில் யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் உட்காரவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு | ஆழம் | தெரியும் உரிவு | நம் தோலில் கறுக்கும் அபாயம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| க்ரீம் + சன்ஸ்கிரீன் மட்டும் | மங்கு, பருவின் கறை | இல்லை | அநேகமாக இல்லை | குறைவு | மூன்று மாதப் பொறுமை |
| சாலிசிலிக் 20–30% | பரு, எண்ணெய் வழிதல், பருக்கறை | மேலோட்டம் | மூன்று முதல் ஐந்து நாள், லேசாக | குறைவு | வறட்சி |
| கிளைகாலிக் 20–70% | மங்கு, மந்தமான நிறம், நுண் சுருக்கம் | மேலோட்டம். கை தவறினால் ஆழம் | சில நாள் | நடுத்தரம் | செய்பவரின் கைத்திறன் |
| மாண்டெலிக், லாக்டிக் | மென்மையான தோல், முதல் முறை | மிக மேலோட்டம் | சிலருக்குத் தெரியாது | மிகக் குறைவு | கூடுதல் சிட்டிங் |
| டிசிஏ 10–20% | பிடிவாதக் கறை | மேலோட்டம் | ஐந்து முதல் ஏழு நாள் | அதிகம் | விடுப்பு |
| டிசிஏ 35% | சுருக்கம், வெயில் சேதம் | நடு ஆழம் | ஏழு முதல் பத்து நாள் | மிக அதிகம் | விடுப்பு, மாதக்கணக்கான கறைச் சிகிச்சை |

இதற்கும் கீழே போகிற ஃபீனால் ஆழ பீலைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது, கண்காணிப்புக் கருவியோடு செய்ய வேண்டியது, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒத்துவராதது. யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

## பீலே இல்லாமல்

ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இந்த வழியை யாரும் சேர்ப்பதில்லை, விற்க ஒன்றும் இல்லை என்பதால். ஆனால் மங்குக்கு முதல் சிகிச்சை இன்றும் க்ரீமும் சன்ஸ்கிரீனும்தான். பீல் அதற்குத் துணை. அசெலாயிக் அமிலம், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து), மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோன் ஆகியவை மெதுவாக வேலை செய்யும். இரண்டு, மூன்று மாதம் விடாமல் பூசினால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

மங்கு இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்க வேண்டும். வெள்ளையாக வரும் சாதாரண சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் 'டின்டட்' வகை தடுக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் ஆறு சிட்டிங் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீமை மருத்துவர் சில வாரங்களுக்கு என்று எழுதித் தருவார். நம் ஊரில் அதை மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கி, 'சிவப்பாக்கும் க்ரீம்' என்று வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலியும், பூனைமுடி வளரும், பரு வெடிக்கும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். தோலில் பூசும் பல ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பட்டியலை இறுக்கியது இதற்காகத்தான். அப்படி ஒரு க்ரீமை இப்போது நீங்கள் பூசிக்கொண்டிருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெலிந்த தோலில் எந்த அமிலமும் கணக்குக்கு அடங்காது.

*இதுவே போதும் என்பவர்கள்:* முதல்முறை சிகிச்சைக்கு வருபவர்கள், தினமும் வெயிலில் வேலை பார்ப்பவர்கள். கர்ப்பிணிகளுக்கும் பீல் இப்போது வேண்டாம். கர்ப்பகால மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே மங்கிவிடும். அவர்கள் என்ன க்ரீம் என்பதைக்கூட மருத்துவரிடம் கேட்டுத்தான் பூச வேண்டும். மேலே சொன்னவற்றில் ரெட்டினாய்டும் ஹைட்ரோகுவினோனும் அவர்களுக்கு ஆகாது, அசெலாயிக் ஆகும்.

## சாலிசிலிக்: பரு முகத்தின் தோழன்

எண்ணெயில் கரையும் அமிலம் இது. ஆகவே எண்ணெய் வழியும் துளைக்குள் இறங்கி அடைப்பைக் கரைக்கும். மேலே பூசியதும் மூன்று முதல் ஐந்து நிமிடம் நன்றாக எரியும், பிறகு முகம் மரத்த மாதிரி ஆகும். வெள்ளையாக ஒரு படலம் தெரியும். அது தோல் வெந்த வெள்ளை கிடையாது. ஆல்கஹால் ஆவியான பின் மிஞ்சிய சாலிசிலிக் படிகம். அந்தப் படிகம் உருவானதும் உள்ளே இறங்குவதும் அநேகமாக நின்றுவிடுகிறது. தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் அமிலம் என்பதால் நம் தோலுக்குப் பாதுகாப்பான பீல்களில் இதுவும் ஒன்று.

ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, உறவுக்காரப் பொருள். முகம், முதுகு, மார்பு என்று ஒரே நாளில் பரந்த இடத்தில் பூசக் கூடாது. ரத்தத்தில் கலந்து காதில் இரைச்சல், தலைசுற்றல் வரலாம். வறண்ட தோல்காரர்களுக்கு இது சும்மா தண்டனை.

## கிளைகாலிக்: பெயர் பெற்றது, நுணுக்கம் கேட்பது

கரும்பிலும் இருக்கிற அமிலம். தன் வகையில் மிகச் சிறிய மூலக்கூறு, அதனால் வேகமாக இறங்கும். அதன் நல்லதும் கெட்டதும் அந்த வேகம்தான். சாலிசிலிக் மாதிரி தானாக நிற்காது. யாராவது நிறுத்த வேண்டும். நிறுத்துவது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் கரைசல், அதாவது நம் வீட்டு ஆப்ப சோடாவேதான். பூசியதும் நுரைக்கும். செய்பவர் கடிகாரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். ஒரே முகத்தில் மூக்கோரம் இரண்டு நிமிடத்தில் சிவக்கும், நெற்றி நான்கு நிமிடமானாலும் அசையாது. சிவந்த இடத்தை அங்கேயே அணைக்கத் தெரிந்த கை வேண்டும்.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. அமிலத்தின் வீரியம் அதன் பிஎச் அளவிலும் இருக்கிறது; பிஎச் குறையக் குறையக் கடுமை கூடும். கிளைகாலிக் பிஎச் 3.8 அருகில் இருக்கும்போது அதில் பாதிதான் செயல்படும் அமிலம்; மீதி உப்பாகக் கிடக்கும். பிஎச் கூட்டி வைத்த 70% பாட்டிலைவிடக் கூட்டாத 35% பாட்டில் கடுமையாகச் சுடலாம். "போன கிளினிக்ல ஐம்பது பண்ணாங்க, இங்க முப்பத்தஞ்சுதானா?" என்று பேரம் பேசுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

*எப்போது இது மேல்:* எண்ணெய் அதிகமில்லாத தோல், மேலோட்டமான மங்கு, கூடவே மந்தமான நிறம், வெயிலைத் தவிர்க்க முடிகிற வேலை, அனுபவமுள்ள தோல் மருத்துவர். இந்த வரிசையில் கடைசியானது இல்லை என்றால் முதல் நான்கும் வீண்.

## மாண்டெலிக், லாக்டிக்: சாதுவான இருவர்

மாண்டெலிக் கசப்பு வாதுமையிலிருந்து வந்த பெயர். மூலக்கூறு கிளைகாலிக்கைவிடச் சரியாக இரண்டு மடங்கு கனம், 76-க்கு 152. மெதுவாக, சீராக இறங்குகிறது. எரிச்சல் குறைவு. லாக்டிக் புளித்த பாலின் அமிலம். முதல்முறை பீல் எடுப்பவர், சின்னக் காயமும் கறுத்துவிடும் தோல் உள்ளவர், அடுத்த நாளே வேலைக்குப் போக வேண்டியவர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். பலன் மெதுவாக வரும், சிட்டிங் கூடும், அது நஷ்டம். ஆனால் கறுத்த முகத்தைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு அது ஒன்றுமே இல்லை.

தயிர் லாக்டிக்தானே, வீட்டிலேயே பூசலாமே என்று கேட்பீர்கள். அதிலுள்ள அமிலம் சுமார் ஒரு சதவீதம். பூசுங்கள், கெடுதலில்லை, பீல் ஆகாது. எலுமிச்சை மட்டும் வேண்டாம். அமிலம் போக, வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருளும் அந்தக் குடும்பத்துப் பழங்களில் உண்டு. பிழிந்த கையோடு வெயிலில் போனவர்களுக்கு வழிந்த கோடு போலவே கறுத்திருப்பதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

## டிசிஏ: விலை மலிவு, தவறு விலை உயர்வு

இது தோலின் புரதத்தை உறைய வைக்கும். முட்டை வெள்ளைக்கரு கல்லில் வெளுப்பது போல முகம் வெளுக்கும். இதை அணைக்க மாற்று மருந்து கிடையாது. பூசிய அளவு போய்த்தான் நிற்கும். 35 சதவீதம் தோலின் நடு அடுக்கைத் தொடும்; 50-க்கு மேல் முகம் முழுக்கப் பூசினால் நிரந்தரத் தழும்பு விழும் அபாயம். மாநிறத் தோலில் முழு முகத்துக்கு 10–20 சதவீதத்தைத் தாண்ட எனக்கு மனம் வராது, அதுவும் மற்றவை பலிக்காத பிறகே.

ஒரே ஓர் இடத்தில் இது ராஜா. பரு விட்டுப்போன, ஊசி குத்தியது போன்ற ஆழமான சிறு குழிகள். பல்குச்சி முனையால் குழிக்குள் மட்டும் 65 முதல் 100 சதவீத டிசிஏவைத் தொட்டு வைக்கும் 'கிராஸ்' முறையை 2002-ல் கொரிய மருத்துவர்கள் எழுதினார்கள். குழி அடியிலிருந்து மெல்ல மேடேறும். சில மாத இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். அகலமான அலை போன்ற பள்ளங்களுக்கு இது உதவாது. அவற்றை ஊசியால் அடியில் அறுத்துவிடும் வேறு சிகிச்சை இருக்கிறது. காது குத்திய இடம் தடித்து வளர்ந்தவர்கள், அதாவது கீலாய்டு உள்ளவர்கள், இந்தப் பக்கம் வரும் முன் மருத்துவரிடம் அதைக் காட்ட வேண்டும்.

## வீட்டுக்கு வரும் பாட்டில்

நான் இதைச் செய்தேன், அதனால் உறுதியாகப் பேசுகிறேன். இணையத்தில் முப்பது சதவீத கிளைகாலிக் வாங்கினேன். மூன்று நிமிடம் என்று எழுதியிருந்தது. எரியவே இல்லை, போலி போலிருக்கிறது என்று இன்னும் மூன்று நிமிடம் விட்டேன். அன்று ஒன்றுமில்லை. நான்காம் நாள் இடது கன்ன எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு பழுப்புத் திட்டு. அது மங்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. பாட்டில் விலையைப் போலப் பல மடங்கு மருத்துவருக்கும் க்ரீமுக்கும் போயிற்று. அந்த ஐந்து மாதமும் எந்தக் குடும்பப் படத்திலும் என் வலது பக்கம் மட்டும்தான் இருக்கும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் இதே விஷயத்துக்குத்தான் எச்சரிக்கை விட்டது: வீரியமான டிசிஏ, கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக் பீல்களை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வாங்கவும் பயன்படுத்தவும் வேண்டாம் என்று. வீட்டில் பூசியே தீர வேண்டும் என்றால் கிளைகாலிக் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பிஎச் 3.5-க்குக் கீழே வேண்டாம். அந்த அளவை அச்சிடாத பாட்டிலை வாங்காதீர்கள்.

## பார்லரா, கிளினிக்கா?

'ஃப்ரூட் பீல்' என்று பார்லரில் செய்வது பெரும்பாலும் ஒரு நல்ல ஃபேஷியல். பளபளப்பு வரும், இரண்டு நாளில் போகும், தீங்கு குறைவு. சிக்கல், அதே நாற்காலியில் 'மெடிக்கல் பீல்' என்று எழுபது சதவீத பாட்டிலைத் திறக்கும்போது வருகிறது. நல்ல பெயர்ப்பலகையும் வெள்ளைக் கோட்டும் இருக்கிற இடமெல்லாம் தோல் மருத்துவமனை ஆகாது. எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் படிப்பு முடித்தவர் இருக்கிறாரா, அமிலத்தைப் பூசப்போவது யார், பெயரும் சதவீதமும் என் சீட்டில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் என் முகத்தைக் கொடுக்கமாட்டேன்.

பெயர்க் குழப்பமும் உண்டு. 'கார்பன் பீல்' லேசர் வேலை, அமிலமே இல்லை. 'யெல்லோ பீல்' ரெட்டினாய்டு வகை, மஞ்சளாகப் பூசி சில மணி நேரம் கழித்து வீட்டில் கழுவச் சொல்வார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் தொடக் கூடாது.

முதல் ஆலோசனைக்குத் தனியார்தான் என்றில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவின் வெளிநோயாளிகள் பகுதியில் மருத்துவர் பார்த்துச் சொல்வார். வரிசையில் நிற்கும் நேரம்தான் கட்டணம்.

## பீல் தேவையே இல்லாத கருமைகள்

கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை பலருக்கும் உடலின் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதற்குச் சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்பும்தான் முதல் சிட்டிங். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் கறுத்தாலோ வெளுத்தாலோ குங்குமத்தையும் ஸ்டிக்கர் பசையையும் சந்தேகியுங்கள். தலைமுடி ஓரமும் காதோரமும் கறுத்து வந்தால் ஹேர் டை. இவற்றுக்கு அமிலம் வைப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல எனக்கே கொஞ்சம் கோபம் வரும். "சிவப்பாகணும்" என்று வருபவர்கள். பீல் கறையைக் குறைக்கும். பிறந்த நிறத்தை மாற்றாது. மாற்றுவேன் என்று சொல்பவர் மருத்துவம் பேசவில்லை.

## ரசீதில் வராத செலவு

சிட்டிங் விலையை ஆறால் பெருக்குங்கள், அதற்கு மேல் இவை. முதல் பீலுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பிருந்தே தோலைப் பழக்கும் க்ரீம். ரெட்டினாய்டை மட்டும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சன்ஸ்கிரீன் முகத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். பகலில் இரண்டு முறை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரம்தான் வரும். ஒரு ட்யூப் நான்கு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது வாசனைக்கு. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை. முகத்தில் த்ரெட்டிங், வேக்சிங், ப்ளீச் எல்லாம் ஒரு வாரம் முன்பே நிறுத்தம். உரியும் தோலைப் பிய்க்காமல் இருக்கும் கட்டுப்பாடு, அதற்கு விலையே இல்லை. கத்திரி வெயிலில் தொடங்குவதைவிட மார்கழி, தை மாதங்கள் மேல்.

## அந்த மூவருக்கு

பதினேழு வயதுப் பையனுக்கு முதலில் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்து. புதுப் பரு வருவது நிற்காமல் கறைக்குப் பீல் செய்தால் அடுத்த பரு அடுத்த கறை வைக்கும். அடங்கிய பின்னும் கறை நின்றால் சாலிசிலிக். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறானா என்பதை மருத்துவர் அறிய வேண்டும். மேலோட்டமான பீலுக்கு அது முன்பு நினைத்த அளவு தடையில்லை என்றாலும் மறைக்கக் கூடாது.

ஆசிரியைக்கு டின்டட் சன்ஸ்கிரீனும் க்ரீமும் மூன்று மாதம். பிறகு மாண்டெலிக் அல்லது குறைந்த அளவு கிளைகாலிக். மங்கு ஆழத்தில் இருந்தால் பீல் எட்டாது, மேலே இருப்பதும் சன்ஸ்கிரீனை விட்டால் திரும்பி வரும். இதை முதல் நாளே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

மணப்பெண்ணுக்குப் பருவின் பழைய கறை மட்டும்தான். ஏழு வாரத்தில் முதல் இரண்டு தோலைப் பழக்க. இரண்டாம் வாரக் கடைசியில் மாண்டெலிக்கோ சாலிசிலிக்கோ ஒன்று, நான்காம் வாரக் கடைசியில் இன்னொன்று. அதோடு நிறுத்தம். கடைசி மூன்று வாரம் முகத்தில் புதிதாக எதுவும் கிடையாது, எந்தத் தோழி என்ன சொன்னாலும். நலங்கு வைக்கும் பெரியம்மாவிடம், மஞ்சளில் எலுமிச்சை பிழிய வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைக்கச் சொன்னேன்.